உவர்க் கிணற்றுத் தண்ணீரும் ஒரு கறுப்பு மோலியும்

எங்கள் பகுதித் தாய்மார் கிளினிக்கில் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் பெண்களுக்குப் பொழுது போகட்டும் என்று யாரோ நல்ல மனதோடு செய்த காரியம். சென்ற மாதம் அயல்வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக அங்கே போயிருந்தேன். தொட்டிக்குள் நாலைந்து கறுப்பு மோலி மீன்கள் நின்றன. அவை நீந்தவில்லை. செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, உடம்பை மட்டும் இப்படியும் அப்படியும் நெளித்துக்கொண்டிருந்தன. சுற்றி நின்ற பெண்கள் மீன் ஆடுகிறது என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிள்ளையள், உதுக்கு என்ன தண்ணி விடுறியள்?" என்று அங்கே வேலை செய்யும் இளம் மருத்துவிச்சிகளைக் கேட்டேன். வேலையை விட்ட பிறகும் பழைய மருத்துவிச்சியான என்னை அவர்கள் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மழைத்தண்ணி மிஸ்ஸி. வடிச்சு, சுத்தமாத்தான் விடுறம்."

"உவர்க் கிணத்துத் தண்ணியைக் கலவுங்கோ. ஒரேயடியா இல்லை, கொஞ்சம் கொஞ்சமா."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்த்துடுக்கான ஒருத்தி, "மிஸ்ஸி மீனுக்கும் பிள்ளைப்பேறு பாத்தனீங்களோ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், பாத்தனான்," என்றேன். சிரிப்பு நின்றது. பிறகு விடவில்லை, கதையைச் சொல்லுங்கோ என்று பிடித்துக்கொண்டார்கள். கிளினிக் வாங்கில் உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய கதையல்ல அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பி வந்தேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றவேண்டும்.

நான் சுருவிலில் பிறந்தவள். கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையைக் கழுவு, நகத்தை வெட்டு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று படிப்பித்தார்கள். இன்றுவரை நான் அதற்கு மேலே பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. பயிற்சி முடிந்ததும் நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் நெடுந்தீவுக்கு மாற்றம் என்றால் தண்டனை என்று உத்தியோகத்தர்கள் அழுவார்கள். நான் கடலுக்குப் பயப்படாதவள் என்பதால் அழவில்லை. ஆனால் அங்கே போன பிறகு தண்ணீருக்கு அழுதேன்.

நெடுந்தீவில் தண்ணீருக்கும் தராதரம் உண்டு. வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும், பெரும்பாலும் உவர். அது உடுப்புத் தோய்க்கவும் மாடு குடிக்கவும் மட்டுந்தான். நல்ல தண்ணீர்க் கிணறுகள் தூரத்தில், சில இடங்களில் மட்டும் இருந்தன. பெண்கள் குடத்தோடு நடப்பார்கள், வசதியுள்ளவர்கள் பீப்பாவில் வண்டில் கட்டி எடுப்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மழைத்தண்ணீர். வந்தவருக்கு உவர்த்தண்ணீர் கொடுத்த வீடு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், அந்த வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள். நல்ல தண்ணீர் கொடுப்பதுதான் மரியாதை, அதுதான் அன்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

அரசாங்க மருந்துச்சாலையில் எனக்கு மேலே ஓர் அப்போதிக்கரி ஐயா இருந்தார். டொக்டர் இல்லாத இடங்களில் அப்போதிக்கரிதான் டொக்டர். ஒடிசலான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. மருந்து கலக்கும்போது அளவுக் கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வார்ப்பார். ஒரு துளி கூடிவிட்டால் அப்படியே ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். இவர் ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு சொல்தான்: "பாப்பம்."

"ஐயா, காய்ச்சல் விடுமோ?"

"பாப்பம்."

"ஐயா, நான் பிழைப்பனோ?"

"பாப்பம்."

தீவில் அவருக்குப் 'பாப்பம் ஐயா' என்றே பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆட்கள் வழி தெரியாமல் முழிப்பார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக விளங்கியது, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. அதற்குப் பிறகு எனக்கு அவரில் பெரிய மதிப்பு.

மருந்துச்சாலையோடு ஒட்டிய வீட்டில் அவரோடு இருந்த மனைவி திலகவதி. என்னிலும் ஏழெட்டு வயது இளையவள்; என்னை அக்கா என்பாள். முந்திய ஊரில் அவளுக்கு ஒரு பிள்ளை தப்பவில்லை. பேற்று நோக் கண்ட பிறகு மாட்டு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வழியிலேயே இழுப்பு, அதாவது வலிப்பு, வந்து, பிள்ளை வண்டிலிலேயே பிறந்து இறந்துபோயிற்று. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். நெடுந்தீவுக்கு வந்தபோது மறுபடியும் வயிற்றில் பிள்ளை இருந்தது. பேறு பார்க்க என்று வேலணையிலிருந்து அவளுடைய சின்னம்மாவும் வந்து வீட்டில் இருந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. கொழும்பில் கிளாக்கராக இருந்த திலகவதியின் தமையன், சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுப்போட்ட கண்ணாடித் தொட்டியையும் மோலி மீன்களையும் வாங்கி, தங்கைக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார். மீன்களை ஊறுகாய்ப் போத்தலுக்குள் விட்டு ரயிலிலும், பிறகு வள்ளத்திலும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். நெடுந்தீவில் மீன் என்றால் குழம்பு. மீனுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சனம் வைத்தியத்துக்கு வருவதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனது.

திலகவதி அந்த மீன்களை நன்றாகத்தான் வளர்த்தாள். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தொட்டி. அவித்து மசித்த கீரை ஒரு நுள்ளு, சிலவேளை நுளம்புக் கூத்தாடிப் புழு. தின்று முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் போடமாட்டாள். மாட்டுக் குளத்திலிருந்து பாசி எடுப்பித்து மிதக்கவிட்டாள். தண்ணீரை முழுவதும் மாற்றாமல் ஒரு வாளி எடுத்து ஒரு வாளி விடுவாள். கோடையில் மழைத்தொட்டி வற்றிக் கிடந்தது; வண்டில் தண்ணீர் குடிக்கவே காணாது. ஆகவே மருந்துச்சாலைப் பின்புறத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் மீனுக்கு விட்டாள். அதற்காக மீனிடமே மன்னிப்புக் கேட்பாள். "பாவம், வாயில்லாச் சீவனுக்கு உவர் வாக்கிறன்," என்பாள். மீன்களோ கரிக்கட்டி மினுங்குவதுபோல மினுங்கிக்கொண்டு ஓடித் திரிந்தன.

அவற்றில் ஒரு பெண்மீனின் வயிறு பருத்து வந்தது. மோலி முட்டை இடாது, குட்டி போடும் என்று தமையன் சொல்லியிருந்தார். திலகவதிக்கு அது பெரிய அதிசயம். "அக்கா, இது கொழும்பிலையிருந்து கோச்சியிலையும் வள்ளத்திலையும் வந்தும் வயித்திலை தங்கி இருக்கு. எனக்கும் தங்கும், பாருங்கோ," என்றாள். தாய் மீன் பெற்ற குட்டிகளைத் தானே விழுங்கிவிடும் என்பதை அவளுடைய தமையன் எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. மருந்துச்சாலைக் காயத்துணியை ஈர்க்கில் கட்டி, தொட்டிக்குள் ஒரு சிறிய கூடு செய்தேன். தாய் கூட்டுக்குள் இருக்கும். பிறக்கும் குட்டி துணிக்கும் ஈர்க்குக்கும் நடுவே விட்ட இடைவெளியால் வெளியே விழுந்துவிடும். அதைப் பார்த்துத் திலகவதி, "மீனுக்கும் பிள்ளைப்பேத்து வாட்டு கட்டிப்போட்டியள்," என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நெடுநாள் நான் காணவில்லை.

ஐப்பசியில் முதல் மழை கொட்டியது. மழைத்தொட்டி நிரம்பியது. திலகவதி செய்த முதல் வேலை, மீன்தொட்டியின் உவர்த்தண்ணீரை அப்படியே இறைத்துவிட்டு மழைத்தண்ணீர் நிரப்பியதுதான். "இண்டைக்குத்தான் உங்களுக்கு நல்ல தண்ணி. வடிவாக் குடியுங்கோ ராசாத்தியள்," என்று அவள் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நல்ல மனம் என்றுதான் நினைத்தேன். தீவில் வாழ்ந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அதே காலத்தில்தான் அவளுடைய காலில் மெட்டி இறுகுவதைக் கண்டேன். காலையில் முகமும் ஊதியிருந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீர் சோதிக்கவேண்டும் என்று ஐயாவிடம் சொன்னேன். இப்போது இதெல்லாம் எளிதாகிவிட்டது. அன்று நாங்கள் செய்த முறையை இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது. சோதனைக் குழாயில் முக்கால்வாசிக்குச் சிறுநீரை எடுத்து, சரித்துப் பிடித்து, மேற்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். கீழ்ப்பகுதி தெளிவாக இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே வெள்ளையாகக் கலங்கினால் இரண்டு துளி அமிலம் விடவேண்டும். கலங்கல் மறைந்தால் பயமில்லை. மறையாமல் நின்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கலங்கல் நின்றது. ஐயா குழாயை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புதிதாக ஒன்று காய்ச்சச் சொன்னார். அதுவும் நின்றது. மூன்றாவதைத் தானே காய்ச்சினார். அதிலும் கலங்கல் மறையவில்லை.

"யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும் ஐயா. நோக் காண முதல்," என்றேன்.

அவர் குழாயைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, "பாப்பம் மிஸ்ஸி," என்றார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

உப்பை நிறுத்தினோம். திலகவதி சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை எண்டு சொல்லுவினம். என்னையும் குப்பையிலை போடப்போறியளோ?" என்று கேட்டாள். பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுடைய கண் மீன்தொட்டியில் இருந்தது.

தொட்டியில் மீன்கள் மெலியத் தொடங்கியிருந்தன. நான் கிளினிக்கில் கண்டேனே, அதே நெளிவு. செட்டை ஒடுங்கிப்போயிற்று. சிலதின் வாயில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்தது. சின்னம்மா, "கண்ணூறு. வாற போற சனமெல்லாம் பாத்து வாயூறிப்போட்டுது," என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். ஐயா காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவில் மணியளவு போட்டுப் பார்த்தார். புண் கழுவும் கொண்டிஸ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. திலகவதி தண்ணீரில்தான் அழுக்கு என்று நினைத்து, முன்னிலும் அடிக்கடி தண்ணீர் மாற்றினாள். மாற்றிய தண்ணீர் எல்லாம் மழைத்தண்ணீர். மாற்ற மாற்ற மீன்கள் மோசமாயின.

ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஓட்டும் தண்டையல் சவிரிமுத்து வந்து சொல்லிவிட்டுப் போனார். "ஐயா, வாடைக்காத்து இறுகுது. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் வள்ளம் விடேலும். பிறகு நீங்கள் அழுதாலும் நான் வரமாட்டன், கடல் விடாது."

திலகவதி கிளம்ப மறுத்தாள். நானும் சொன்னேன், சின்னம்மாவும் சொன்னார். ஐயா சொல்லத் தெரியாமல் வாசலில் நின்றார்.

"போன முறையும் இப்பிடித்தான் கொண்டு போனவை. பிள்ளையை வண்டிலிலை பெத்தனான். திருப்பியும் கடலிலை பெறச் சொல்லுறியளோ?" என்றாள் அவள். பிறகு தொட்டியைக் காட்டினாள். "உதுவும் என்னைப்போலை கடல் கடந்து வந்தது. சுமந்தது என்னோடை. இப்ப என்னைப்போலை வாடுது. உது பெத்துப் பிழைக்கட்டும். பிறகு நான் வாறன். உது செத்தால் நான் எங்கை போயும் பிரயோசனம் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு விரல் நீள மீனில் இரண்டு உயிரைக் கட்டிவைத்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு பயந்திருக்கும் ஒருத்தியை வெருட்டி வள்ளத்தில் ஏற்ற ஏலாது. வெருட்டினால் இரத்த அழுத்தம் இன்னும் ஏறும், இழுப்பு வரும்.

இரண்டொரு நாளில் ஆண்மீன் ஒன்று சாகக் கிடந்தது. மனைவி எழுந்து வந்து செத்த மீனைக் காணக்கூடாது என்று ஐயா அதைக் கையில் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார். புதைக்க மனம் வரவில்லைப் போலும், உயிர் இருக்கிறதே. உவர்க் கிணற்றடியில் துணி தோய்க்கும் கல்தொட்டிக்குள் விட்டுவிட்டு வந்தார். அதை அவரும் மறந்தார், நானும் அறியேன்.

பிறகு ஒரு காலை நான் பேற்றுத் துணிகளை அலசப் போனேன். கல்தொட்டியின் பச்சைப் பாசியை ஒரு கறுப்பு மீன் கொத்திக்கொண்டிருந்தது. துணியைப் போட்டதும் சட்டென்று பாய்ந்து மறுகரைக்குப் போயிற்று. வாயிலிருந்த வெள்ளையைக் காணோம். ஐயாவைக் கூப்பிட்டேன். வந்தவர் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். கையால் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தார். எழுந்து போய் மழைத்தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்தார். திரும்பி வந்து மறுபடி உவர்த்தண்ணீரை வைத்தார்.

"கோடையிலை இந்தத் தண்ணியிலைதானே மிஸ்ஸி சுகமா இருந்ததுகள்?" என்றார்.

"ஓம் ஐயா," என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது.

உடனே வாளியைத் தூக்கினேன். அவர் தடுத்தார். "நிண்டுகொள்ளும். உப்பை இறக்கின மாதிரி ஏத்தக்கூடாது. ஒரேயடியா மாத்தினதாலைதானே இந்தப் பாடு." மருந்துச்சாலை அளவுக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். உவர்த்தண்ணீரை அளந்து, நூல்போல, தொட்டியின் ஓரத்தால் வழியவிட்டார். காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. விட்ட அளவுக்கு மழைத்தண்ணீரை எடுத்தார். குளிருக்கு வாடாமல் இருக்கக் கம்பளித் துணியால் தொட்டியைச் சுற்றினார். மனைவிக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் அறைக்குள் கிடந்தாள்.

பெண்மீன் நெளிவை விட்டது. செட்டையை விரித்தது. கீரையைக் கொத்தியது. ஐயாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மிஸ்ஸி, அவளைக் கூட்டிக்கொண்டு வாரும். மீன் பிழைச்சிட்டுது, நீரும் பிழைப்பீர் எண்டு சொல்லுவம். உடனை வெளிக்கிடுவள்."

"வேண்டாம் ஐயா."

"ஏன்?"

"அப்பிடிச் சொல்லி வள்ளத்திலை ஏத்தினால், நாளைக்கு உது செத்தால் என்ன செய்யிறது? ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடக்கிறவளுக்கு அந்தச் சேதி போனால்?"

அவர் அளவுக் கண்ணாடியைக் கீழே வைத்தார். நான்தான் அறைக்குள் போனேன். திலகவதியை எழுப்பி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து தொட்டிக்கு முன்னால் கதிரையில் இருத்தினேன். மீன் ஓடுவதைக் கண்டதும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதையும் தங்கச்சி. உது நோயாலை வாடேல்லை. நீர் விட்ட மழைத்தண்ணியாலை வாடினது."

"நல்ல தண்ணியெல்லோ விட்டனான்?"

"உமக்கு நல்ல தண்ணி. அதுக்கு உவர்தான் நல்ல தண்ணி. தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேறை எண்டு சொல்லுவினமெல்லோ? உம்மடை வயிறு எங்கை, மீன்ரை வயிறு எங்கை?"

அவள் கும்பிட்ட கையை இறக்கினாள். "அப்ப நான்தான் அதைக் கொல்லப் பாத்தனான்."

"நீர் ஆசையிலை செய்தனீர். நானும் பக்கத்திலை நிண்டு பாத்தனான். அது கிடக்கட்டும். உது பிழைச்சாலும் செத்தாலும் தன்ரை பாட்டுக்கு. உம்மடை வயித்துப் பிள்ளைக்கு உது சாட்சி சொல்லாது. அதுக்கு உப்பு வேணும், உமக்கு உப்பு ஆகாது. உமக்கு இப்ப இந்தத் தீவும் ஆகாது."

அவள் மீனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "யாழ்ப்பாணம் போனால் என்ரை பிள்ளை தப்புமோ அக்கா?"

எத்தனையோ தாய்மாருக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அன்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியாது. போன முறை நோக் கண்ட பிறகு கொண்டு போனவை. இந்த முறை காண முதல் போறீர். இஞ்சை இருந்து இழுப்பு வந்தால் என்னாலை ஏலாது. ஐயாவாலையும் ஏலாது. அது மட்டும் தெரியும்."

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வள்ளத்துக்குச் சொல்லுங்கோ," என்றாள் திலகவதி.

மறுநாள் காலை அவளைக் கட்டிலோடு தூக்கிக் கரைக்குக் கொண்டு போனார்கள். சின்னம்மா கூடப் போனார். நான் போக ஏலவில்லை. தீவின் மேற்குக் கரையில் தலைச்சன்காரி ஒருத்தி நோவோடு கிடந்தாள். ஐயாவும் பதில் ஆள் வராமல் மருந்துச்சாலையை விட்டுப் போக முடியாது. முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சவிரிமுத்து, "விடுங்கோ ஐயா, காத்து மாறுது," என்று சொல்லித்தான் கையை எடுத்தார். பாய் மறையும்வரை நின்றுவிட்டு நான் மேற்குக்கு நடந்தேன். அந்தத் தலைச்சன்காரி மாலையில் ஓர் ஆண்பிள்ளை பெற்றாள். அது அழுத சத்தத்தில் எனக்கும் அழுகை வந்தது.

அன்று பின்னேரமே கடல் பொங்கிவிட்டது. அதற்குப் பிறகு வள்ளம் இல்லை, சேதியும் இல்லை.

புயல் மழைக்குள் ஒரு காலை மருந்துச்சாலைக்குப் போனபோது ஐயா மீன்தொட்டிக்கு முன்னால் நின்றார். தொட்டிக்குள் கண்ணும் வாலுமாகக் குட்டிகள், பாசிக்குள் ஒளித்துத் திரிந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகுதான் காயத்துணிக் கூட்டுக்குள் பார்த்தேன். தாய்மீன் பக்கவாட்டில் மிதந்தது. மழைத்தண்ணீரில் பட்டபாடு முழுதாக ஆறவில்லையோ, வயது போனதோ, எனக்குத் தெரியாது. பெற்றுவிட்டுச் செத்துவிட்டது.

ஐயா கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "மிஸ்ஸி," என்றார். நான் திலகவதிக்குச் சொன்னது அத்தனையையும் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். அளவுக் கண்ணாடியால் ஒவ்வொரு துளியாக அளந்து, மீன் ஏன் வாடியது என்று நாக்கால் தொட்டுக் கண்டுபிடித்தவரும் அவர்தான். இருந்தும் அந்த மனிதரின் முகத்தில் இரத்தம் இல்லை.

"ஐயா, அது வேறை, இது வேறை," என்றேன்.

"பாப்பம்," என்றார். அந்தச் சொல் அன்று கேட்கவே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மருந்து கலந்தார், புண் கட்டினார், பல் பிடுங்கினார், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் குசினியில் சோறு ஆறிக் கிடக்கும். வேலை முடிந்ததும் கரைக்குப் போய் ஈரமணலில் குடையோடு நிற்பார். நான் செபமாலை சொன்னேன். அவருக்காகவும் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையை நம்பித்தானே அவள் வள்ளம் ஏறினாள் என்ற எண்ணம் என்னையும் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொன்னதால் பாரம் குறைந்துவிடாது என்று அந்த நாட்களில் கண்டேன்.

கடல் சற்று அடங்கிய முதல் நாளே சவிரிமுத்து வந்தார். கரையில் இறங்கி, நனைந்த உடுப்போடு நேரே மருந்துச்சாலைக்குள் வந்தார். நோயாளர் நிறைந்திருந்தார்கள். மடியிலிருந்து கடதாசிச் சரை ஒன்றை எடுத்துப் பிரித்து ஐயாவுக்கு முன்னால் நீட்டினார். கற்கண்டு. எங்கள் ஊர்களில் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் கொடுப்பது.

ஐயா ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அதைக் கரையவிட்டபடியே கையிலிருந்த மருந்தை அளந்து முடித்து, போத்தலை மூடி, கிழவர் ஒருவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உள்ளே போனார். சவிரிமுத்து என்னிடம், "பெட்டைப் பிள்ளை மிஸ்ஸி. ஆயுதம் போட்டு எடுத்ததாம். சின்னன்தான். தாய்க்கு ஒருக்கால் இழுப்பு வந்து தெளிஞ்சதாம். ரெண்டு பேருக்கும் பயமில்லை," என்றார். அந்த இழுப்பு நெடுந்தீவில் வந்திருந்தால் என்று நினைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

மாசிக் கடைசியில் கடல் கண்ணாடியாகக் கிடந்த ஒருநாள் திலகவதி பிள்ளையோடு வந்து இறங்கினாள். வீக்கம் வற்றி, மெலிந்து, வேறு ஆளாக இருந்தாள். வாசலில் ஆலாத்தி எடுத்து முடிந்ததும் அவள் நேரே போன இடம் மீன்தொட்டி. குட்டிகள் வளர்ந்து தொட்டி நிறையக் கறுத்துத் திரிந்தன.

"தாய் எங்கை?" என்றாள்.

ஐயா முன்னுக்கு வந்து பெரிய மீன் ஒன்றைக் காட்ட விரலை எடுத்தார். அவர் என்னைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டார்.

"செத்துப்போச்சு," என்றார்.

"எப்ப?"

"கடல் அடிச்சுக்கொண்டு கிடந்த நாளிலை. உம்மடை சேதி வரமுதல்."

திலகவதி தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லத் திரும்பி, இந்த மாதங்களுக்குள் அவர் எவ்வளவு வற்றிப்போனார், சட்டை எப்படித் தோளில் தொங்குகிறது என்பதையெல்லாம் அப்போதுதான் கண்டவள்போலப் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்கள் பயந்திட்டியளோ?" என்று கேட்டாள்.

சின்னம்மாவும் அயலவர்களும் நிற்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டார். அவருக்குக் கீழே பல ஆண்டுகள் வேலை செய்தேன். வேறு ஊருக்கு மாறிப் போனபின்பும் கண்டு பேசியிருக்கிறேன். அந்த வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"ஓம்," என்றார்.

திலகவதி பிள்ளையை அவருடைய கையில் வைத்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, மீனுக்குத் தண்ணீர் அள்ள உவர்க் கிணற்றடிக்குப் போனாள்.